நிழல் வேலை

என் மகனே,

மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டு, ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டு நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "இன்னாம்மா சொல்ற? நான் வரட்டுமா, வேணாமா?" என்றாய். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்திருப்பாய். அழவில்லை. அந்த நான்கு நாளில் பார்த்ததெல்லாம் தொண்டை வரைக்கும் நிறைந்திருந்தது; வாயைத் திறந்தால் எது முதலில் வந்து விழும் என்று எனக்கே தெரியவில்லை. உத்திரமேரூர் வந்து சேர்ந்து ஒன்பது நாள் ஆகிறது. கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. போனில் சொல்லியிருக்கலாம். போனில் பேசினால் நீ "ம்", "ம்" என்பாய், பாதியில் சிக்னல் போய்விடும், விட்ட இடத்தை இரண்டு பேரும் மறந்துவிடுவோம். பள்ளிக்கூடம் விடுமுறை. சத்துணவுக் கூடத்துச் சாவி ஆணியில் தொங்குகிறது. மின்விசிறியை எனக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு, காகிதம் பறக்காமல் இருக்க அதன்மேல் உப்பு டப்பாவை வைத்து எழுதுகிறேன்.

உன் வேலை உத்தரவு அலமாரியில், என் பட்டுப்புடவையின் மடிப்புக்குள் இருக்கிறது. தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். இன்னும் பன்னிரண்டு நாளுக்குள் நீ கையெழுத்துப் போட்டுச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த இடம் உனக்கு இல்லை. அந்தத் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டவள் நான். புத்தகம் வாங்கி அனுப்பியவளும் நான். நீ எனக்காக எழுதினாய், எழுதியதை மறந்தும் போனாய். உத்தரவு வந்த அன்று நான் தெருவெல்லாம் கேசரி கொடுத்தேன். பள்ளி விடுமுறை விட்ட மறுநாளே உன்னைக் கூட்டிவரக் கிளம்பினேன். நான் ஏன் வருகிறேன் என்று உனக்குத் தெரியும். பொள்ளாச்சியில் என் பையை வாங்கிக்கொண்டே, "நாலு நாள் இரும்மா. நான் போற எடத்துக்கெல்லாம் நீயும் வா. நாலாம் நாள் நீ இன்னா சொல்றியோ அதான்" என்றாய். நீ சண்டை போடுவாய் என்று இரயிலில் வரும் வழியெல்லாம் பதில்களை அடுக்கி வைத்திருந்தேன். நீ முடிவையே தூக்கி என் கையில் கொடுத்துவிட்டாய்.

நான் ஏன் அப்படிப் பிடிவாதமாக இருந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டில் ஒரு சொல் உண்டு. என் அப்பா, உன் தாத்தா, ஏரிப்பாசன நிலத்தில் அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்தவர். அவருக்கு உலகத்தில் இருந்தது இரண்டே வேலை: வெயில் வேலை, நிழல் வேலை. கலெக்டர், கணக்குப்பிள்ளை, டாக்டர், தையல்காரர் எல்லாரும் அவர் கணக்கில் ஒரே ஜாதி, நிழல் வேலைக்காரர்கள். எனக்குச் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்தபோது, "எம் பொண்ணு நெயலு வேலைக்குப் போவுது" என்று பஸ் நிலையம் வரை சொல்லிக்கொண்டு போனார். வேலையில் சேர்ந்த அன்று காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நான் சாப்பிட்டேனா என்று பார்க்க வருகிறார் என்று நினைத்தேன். என் நாற்காலியில் எந்த நேரத்திலாவது வெயில் விழுகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார் என்பது பிறகுதான் தெரிந்தது.

உன் நைனா கொத்தனார். வெயில்தான் அவருக்கு அலுவலகம். நீ எட்டாவது படிக்கும்போது மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தார் அல்லவா, அன்றைக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் கையைப் பிடித்து நான் ஒரு சத்தியம் வாங்கினேன். "வெயில்ல நின்னு செய்ற வேலைக்கு மட்டும் போவ மாட்டேன்னு சொல்லு" என்றேன். நீ சொன்னாய். நைனா பிழைப்பாரா என்று தெரியாத நேரத்தில், பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் கேட்கக் கூடாததைக் கேட்டேன். நான் சொல்ல வேண்டிய தப்புகளில் அது முதலாவது. அந்தச் சத்தியத்தை நீ மறந்திருப்பாய் என்று நினைத்திருந்தேன். நான் மறக்கவில்லை. நீ விலங்கியல் எடுத்தபோதும், மேல்படிப்புக்குப் போனபோதும், மழைக்காட்டுக் காப்பகத்தில் சோலைமந்திகளைப் பின்தொடரும் வேலை, மூன்று வருட ஒப்பந்தம் என்று சொன்னபோதும், உள்ளுக்குள் உன்னைச் சத்தியம் மீறியவனாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தப்பு, பொய். உனக்குக் காட்டிலாகா அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை என்றுதான் தெருவில் சொல்லிவைத்திருந்தேன். எதிர் வீட்டுக் கமலா உன் போட்டோவை எவருடைய போனிலோ பார்த்துவிட்டாள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "இன்னாக்கா, உம் புள்ள காட்டுல கொரங்கு எண்ணிக்கினு கீறானாமே? அதுக்கு இன்னாத்துக்கு ரெண்டு டிகிரி? எங்கூட்டு மொட்ட மாடிக்குத் தெனம் ஏழு வருது. வந்து எண்ணிட்டுப் போ சொல்லு." தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். உன்னை விட்டுக்கொடுத்துச் சிரித்த அந்தச் சிரிப்பு இன்னும் வாயில் கசக்கிறது.

எனக்குக் காடு என்றால் என்ன தெரியும்? நம் பக்கத்தில் காடு என்றால் வேலிகாத்தான் முள் மண்டிய இடம். ஆடு மேயும், பாம்பு கிடக்கும், விறகு வெட்டலாம். உன்னோடு வேலை செய்யும் வனக்காவலர் சின்னப்பன், மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், முதல் நாள் என்னிடம், "உங்க ஊர்ப் பக்கம் காடே இல்லைங்களாம்மா?" என்று கேட்டார். "ஏன் இல்ல தம்பி? கீதே. சுடுகாடு" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேநீர் கொட்டிப்போனது.

மறுநாள் விடியும் நேரத்தில் நடந்ததைச் சொல்லிச் சொல்லி நைனாவையும் சிரிக்க வைத்துவிட்டேன். நான் முகம் கழுவ வெளியே வந்தேன். பக்கத்தில் யாரோ விசில் அடித்தார்கள். இழுத்து, நிறுத்தி, மறுபடி ஆரம்பித்து, வேலை வெட்டி இல்லாத இளவட்டம் ஒன்று தெருமுனையில் நின்று அடிப்பதுபோல. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எவன்டா அவன், காலங்காத்தால பொம்பள மூஞ்சி கழுவுற எடத்துல விசில் அடிச்சிக்கினு?" என்று கத்தினேன். நீ பல் தேய்த்துக்கொண்டே வெளியே ஓடிவந்தாய். ஓடைப் பாறையைக் காட்டினாய். கருநீலத்தில் ஒரு பறவை, தோளில் மட்டும் மின்னும் நீலம். "அதுதாம்மா. சீகாரப் பூங்குருவி" என்றாய். நான் திட்டியதைச் சட்டையே செய்யாமல் அது மறுபடி ஆரம்பித்தது. ஒரு முழு மெட்டை எடுத்து, முடிக்கும் இடத்தில் முடிக்காமல் விட்டுவிட்டுப் பறந்தது. நாற்பத்தேழு வயதில் ஒரு குருவியிடம் அசடு வழிந்து நின்றேன். அந்த நிமிடத்திலிருந்து என் வாய் குறைந்துபோனது. நீ கவனித்திருப்பாய்.

பிறகு உள்ளே கூட்டிப்போனாய். காலுக்கு அட்டை ஏறாத துணியுறை மாட்டிவிட்டு, இடுப்பில் உப்பு முடிச்சு ஒன்றைச் செருகிவிட்டாய். பாதையில் பத்தடி வைத்ததும் பின்னால் இருந்த சாலை இல்லாமல் போனது. சத்தமும் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அது பாம்புக்கோ யானைக்கோ பயந்த பயம் இல்லை. பெரிய கோயிலின் உள்பிராகாரத்தில் தனியாக மாட்டிக்கொண்டால் ஒரு நடுக்கம் வருமே, அதுபோல. ஒரு மரத்தின் வேர் என் தலைக்கு மேலே சுவர்போல எழும்பி நின்றது. அதன்மேல் கொடி, கொடியின்மேல் பாசி, பாசிக்குள் சின்னப் பூ, பூவுக்குள் எறும்பு. ஒன்றின்மேல் ஒன்று குடியிருக்காத இடம் ஊசிமுனை அளவுகூட இல்லை. யானை போய் அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும் என்று சின்னப்பன் காட்டிய சாணத்தில் இன்னும் ஆவி வந்தது. அதிலும் ஒரு வண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. திடீரென்று மழை. நம் ஊர் மழைபோல மேலே விழவில்லை. முதலில் ரொம்ப உயரத்தில் இரைச்சல் மட்டும் கேட்டது. நான் அண்ணாந்து காத்திருந்தேன். நிதானமாக ஒவ்வொரு இலையாக இறங்கி, என் நெற்றியில் முதல் சொட்டு விழுவதற்குள் நாம் ஒரு பாறை மறைவுக்கு நடந்தே போய்விட்டோம். மழை நின்ற பிறகும் ஒரு மணி நேரம் காடு மட்டும் பெய்துகொண்டிருந்தது. நான் கையை நீட்டிக்கொண்டே நடந்தேன். நீ திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். "இன்னாம்மா, சின்னப் புள்ள மாதிரி?"

இப்போது மூன்றாவது தப்பு. இதை நீ யாரிடமும் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். இரண்டாம் நாள் சாயங்காலம் நீ குளிக்கப் போயிருந்தாய். நான் உன் குடியிருப்பு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். சாலையோரக் கிளையில் ஒரு சோலைமந்தி வந்து அமர்ந்தது. கரிய உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வால் நுனியில் சிங்கத்துக்குப்போல் ஒரு குஞ்சம். அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. குட்டி பாலை விட்டுவிட்டு என்னையே பார்த்தது. இருபது வருடமாக நான் செய்யும் வேலை என்ன? வந்து நிற்கிற பிள்ளைக்குத் தட்டில் போடுவது. பெயர் பதிவேட்டில் இல்லை, பக்கத்துப் பள்ளிப் பிள்ளை என்றாலும் நான் திருப்பி அனுப்பியதில்லை. என் கை தானாகப் பையைத் திறந்தது. பொள்ளாச்சி பஸ் நிலையத்தில் உனக்கென்று வாங்கிய வாழைப்பழம் இரண்டை எடுத்துச் சுவர்மேல் வைத்தேன். அது இறங்கி வந்தது. எவ்வளவு மரியாதையாக எடுத்துக்கொண்டது தெரியுமா! என் கண் நிறைந்துபோனது. அப்போதுதான் உன் குரல் கேட்டது.

"ம்மா! இன்னா பண்ணிக்கினு கீற நீ?"

பிறந்ததிலிருந்து நீ என்னிடம் அப்படிக் கத்தியதில்லை. துண்டோடு ஓடிவந்து அதை விரட்டினாய். கீழே கிடந்த தோலைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாய். "பாவம்டா, கைப்புள்ளக்காரி, பசிக்காதா?" என்றேன். "அதுக்குப் பசிச்சா காடு கீதும்மா. எந்த மரம் எப்போ பழுக்கும், எந்தக் கிளை வழியா போவணும், எல்லாம் அதுக்குத் தெரியும். அதைத்தான் குட்டிக்குக் காட்டிக் கொடுத்துக்கினு கீது. இப்போ நீ இன்னா காட்டிக் கொடுத்த? ரோட்டோரம் பொம்பள ஒருத்தி கீறா, ஒக்காந்த எடத்துல பழம் குடுப்பான்னு." எனக்கு ரோஷம்தான் வந்தது. இரண்டு பழத்துக்கு இவ்வளவா என்று.

காலையில் அது வந்தது. வளைவில், சாலையின் தடுப்புச் சுவர்மேல், குட்டியோடு உட்கார்ந்து நம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. என்னைத்தான் தேடியது. நான் வெளியே வந்ததும் சுவரிலிருந்து குதித்துச் சாலையைக் கடக்கத் தொடங்கியது. மேலேயிருந்து ஒரு கார் வேகமாக இறங்கியது. நீ இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சாலை நடுவில் ஓடினாய். டயர் தேய்ந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. குரங்கு ஒரே தாவலில் மரத்துக்குப் போனது. நீ முழங்காலில் விழுந்து எழுந்தாய். காரோட்டியவர் கண்ணாடியை இறக்கி, "ஒரு குரங்குக்காக சாகப் பாக்கறியேப்பா, உனக்கு அம்மா அப்பா இல்லையா?" என்று கேட்டார். அம்மா ஐந்தடி தூரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். என் மகனைக் காரின்முன் நிறுத்தியது என் இரண்டு வாழைப்பழம்.

அன்று முழுவதும் நீயும் சின்னப்பனும் அந்த வளைவிலேயே இருந்தீர்கள். அது இறங்க இறங்கக் கை தட்டி, சத்தம் போட்டு, உள்ளே திருப்பிக்கொண்டே இருந்தீர்கள். நீ அதை அடிக்கவில்லை, கல் எறியவில்லை. காலையிலிருந்து இருட்டும்வரை "போ, உள்ள போ" என்று, பள்ளிக்கூடத்துக்குப் போக அழும் பிள்ளையை அனுப்புவதுபோல அனுப்பிக்கொண்டிருந்தாய். நான் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தபோது உன் குறிப்பேடு சுவர்மேல் திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தேன். "பார்வையாளர் ஒருவர் உணவு கொடுத்ததால்" என்று எழுதியிருந்தாய். என்னைக் காட்டிக்கொடுக்காமல் எழுதியிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். பார்வையாளர். அந்தக் காட்டில் என் இடம் என்ன என்பதை நீ ஒரே சொல்லில் சரியாக எழுதியிருந்தாய். பையில் வாழைப்பழத்தோடு வந்தவள். இன்னொரு பையில் ஓர் உத்தரவோடும் வந்தவள். உட்கார்ந்த இடத்தில் கிடைக்கும், காடு ஏற வேண்டாம், வா, வா என்று சாலையோரத்தில் நின்று கூப்பிடுகிறவள். அதற்குமேல் அதை யோசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கஞ்சியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் நான்காம் நாள் விடியலில் நீ என்னை எழுப்பினாய். "எழுந்திரும்மா. ஒண்ணு பாக்கணும்." காட்டுக்குள் ஒரு மரத்தை நீ காட்டியபோது எனக்கு மரமே தெரியவில்லை, அடிமரம் அவ்வளவு பெரிது, சுவர் என்று நினைத்தேன். ரொம்ப உயரத்தில் ஒரு பொந்து. பொந்தின் வாய் முழுவதும் பூசி அடைத்திருந்தது. நடுவில் ஒரு கீறல் மட்டும். "உள்ள பொட்டை இருவாச்சிப் பறவை கீது. தானே உள்ள போயி, தானே வாசலைப் பூசிக்கும்" என்று என் காதில் சொன்னாய். இலைகளால் மறைத்த தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தோம். பேசக் கூடாது, அசையக் கூடாது. நான் அசையவில்லை. என் கழுத்தில் ஓர் அட்டை ஏறியது தெரிந்தும் கையை எடுக்கவில்லை.

முதலில் சத்தம்தான் வந்தது. வானத்தில் யாரோ பெரிய முறத்தால் புடைப்பதுபோல, புஸ், புஸ், புஸ் என்று. பறவையின் சிறகு இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. இலையெல்லாம் ஆடியது. கருப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக, தலைக்குமேல் இன்னொரு அலகை மாட்டிக்கொண்டதுபோல, ஆள் கைநீளத்துக்குமேல் ஒரு பறவை வந்து பொந்தருகில் ஒட்டி நின்றது. தொண்டையிலிருந்து ஒரு பழம் எடுத்துக் கீறலில் நீட்டியது. உள்ளேயிருந்து ஓர் அலகு நுனி வந்து வாங்கிக்கொண்டது. இன்னொன்று. இன்னொன்று. எண்ண முடியாத அளவு. அவசரமே இல்லை. தொண்டையை உதறிப் பார்த்துக்கொண்டு, இனி இல்லை என்று தெரிந்ததும் ஒருமுறை பூச்சைத் தட்டிவிட்டுப் பறந்தது. உள்ளே இருப்பவள் சிறகெல்லாம் உதிர்த்துவிட்டு, குஞ்சு வளரும்வரை வாரக்கணக்கில் அந்த இருட்டில் இருப்பாள், ஆண் செத்தால் எல்லாம் போச்சு என்று நீ பிறகு சொன்னாய்.

யாராவது கேட்டால் அடங்கியிருக்கும் பெண்டாட்டி என்று அதைப் பாராட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாசலைப் பூசியவள் அவள். நீ பிறந்து ஏழாம் மாதம் என் பி.ஏ. கடைசி வருடப் பரீட்சை வந்தது. ஒரே அறை வீடு. ஊராருக்கெல்லாம் ஜன்னல் வைத்துக் கொடுத்த உன் நைனா நம் வீட்டு ஜன்னலுக்கு இன்னும் கம்பி வைக்கவில்லை. "நானா கூப்பிடற வரைக்கும் யாரும் உள்ள வரக் கூடாது" என்று கதவை உள்பக்கம் தாழ்போட்டுக்கொண்டேன். இருபது நாள். அவர் வேலைக்குப் போகாமல் உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியிலேயே திரிந்தார். பசித்து நீ அழுதால் அந்த ஜன்னல் வழியாக உன்னை உள்ளே நீட்டுவார். பால் குடித்ததும் வாங்கிக்கொள்வார். கூடவே ஒரு டீ வரும், ஒரு பன் வரும். இதைப் பார்த்துவிட்டு எல்லாரும் அவரைக் கேலி செய்தார்கள். அவர் ஒரு நாளும் அதை என்னிடம் சொல்லவில்லை. இருபத்தைந்து வருடமாக நான் மறந்திருந்த அந்த ஜன்னலை, அந்த மரத்தின் உச்சியில் திரும்பப் பார்த்தேன். உனக்குப் பெண் பார்க்கும் காலம் வரும். அவள் எந்த வேலைக்காகவாவது கதவைச் சாத்திக்கொண்டால், நீ ஜன்னல் பக்கம் இருக்க வேண்டும். இவ்வளவு பெரிய கடிதத்தில் அறிவுரை என்று நான் சொல்லத் துணிவது இது ஒன்றுதான்.

அடுத்து வருவதற்கு நேரமாகும் என்றாய். மதியம்வரை உட்கார்ந்திருந்தோம். மணி பன்னிரண்டு இருக்கும். நம் ஊரில் அந்த நேரத்தில் தார்ச்சாலை காலில் ஒட்டும். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஈர இலைகளின்மேல் காலை வைத்தேன். குளிர்ந்தது. வெயில் எங்கே என்று தேடினேன். நிஜமாகவே தேடினேன், மகனே. உள்ளங்கையை நீட்டி அங்கும் இங்கும் நகர்த்திப் பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சம், குங்குமப் பொட்டு அளவு, என் விரலில் விழுந்து நகர்ந்து போனது. அவ்வளவுதான். மேலே ஆயிரம் மரங்கள் மொத்த வெயிலையும் வாங்கிக்கொண்டு, தரைக்கு ஒரு பொட்டுதான் அனுப்பியிருந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ தட்டியில் சாய்ந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்தாய். உன் தோளில், தலையில், காகிதத்தில் எங்கும் வெயில் இல்லை. காலை, மதியம், சாயங்காலம், எந்த வேளையில் என் அப்பா வந்து பார்த்திருந்தாலும் உன்மேல் வெயில் விழாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் செய்த சத்தியத்தை நீ ஒரு நாளும் மீறவில்லை. மூன்று தலைமுறையில் இந்த வீட்டில் இவ்வளவு பெரிய நிழலில் வேலை பார்த்தவர் எவரும் இல்லை.

அதைத்தான் பஸ்ஸில் சொல்ல முடியாமல் வந்தேன்.

வீட்டில் நைனா கேட்ட முதல் கேள்வி உன்னைப் பற்றியே இல்லை. "மரம் எத்தன மாடி இருக்கும்?" என்றார். "பன்னெண்டு மாடி" என்றேன். விட்டத்தை அண்ணாந்து பார்த்தார். "சாரம் கட்டாமலேயா?" என்றார். இருவாச்சி வாசலைப் பூசுவதைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எந்தக் கலவையில பூசுது? மழைக்கு ஊறாதா? வெடிப்பு வுடாதா?" தன் எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து அலகாலேயே பூசும், அவ்வளவு மழைக்கும் அது நிற்கிறது என்று சொன்னேன். "பூச்சுக் கரணையே இல்லாம!" என்று தொடையில் தட்டினார். பிறகு மெதுவாக, "அடுத்த தபா நானும் வரேன். அந்தப் பூச்ச பாக்கணும். புள்ளயக் கேளு, இடுப்பு வலிக்கறவன் நடக்கற தூரமான்னு" என்றார். உன்னைத் திரும்பி வரச் சொல்லும்படி என்னை அனுப்பிய மனுஷன் பேசுகிற பேச்சா இது?

இனி பதில். உத்தரவைப் புடவை மடிப்பிலிருந்து எடுத்து இந்த உறையிலேயே வைத்துவிட்டேன். வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதை நீயே, உன் கையெழுத்தில், கெடு நாள் முடிவதற்குள் எழுதிக் கொடு. காத்திருப்போர் பட்டியலில் அடுத்த பெயர் எந்தப் பிள்ளையுடையதோ, அதன் அம்மாவும் தெருவுக்குக் கேசரி கொடுக்கட்டும். எனக்குப் பயமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மூன்று வருடம் முடிந்தால் என்ன என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. யானை நடமாடும் பாதையில் இருட்டிய பிறகு தனியாக நடக்காதே. சின்னப்பன் போகாதே என்றால் போகாதே. முழங்கால் காயத்துக்கு மருந்து போட்டாயா? குட்டிக்காரி காட்டுக்குள் வெடிப்பலா மரத்துப் பழத்துக்கே போய்விட்டது, நாலு நாளாய்ச் சாலைக்கு இறங்கவில்லை என்று நீ அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டு, அடுப்படியில் நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். என்னை அது மறந்துவிட்டதே என்று இவ்வளவு சந்தோஷம் எனக்கு எப்போதும் வந்ததில்லை.

நேற்றுக் குழாயடியில் கமலா கேட்டாள். "இன்னாக்கா, புள்ள எப்போ வந்து வேலைல சேரப் போறான்?"

"வர்ல. அங்கயே நெயலு வேல பாக்கறான்" என்றேன்.

"காட்டுலயா? அங்க எங்க ஆபீசு கீது?"

"கீது. கூரைய அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும். மழை உள்ள வந்து சேர அரை மணி நேரம் ஆவும்."

"கதை வுடாதக்கா. கொரங்கு எண்றதுதான?"

"ஆமா, கொரங்குதான் எண்றான்" என்றேன். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "சரி, ஒக்காரு. அந்தக் கொரங்கு எப்டி இருக்கும்னு சொல்லு" என்றாள். தண்ணீர் நின்றுபோகும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் காட்டுக்கு வந்துபோன பார்வையாளர் ஒருவர்,
அம்மா